மாஸ்டர் கூப்பிட்ட ‘லே’யும் பையன் கேட்ட ‘லே’யும்

வண்ணாரப்பேட்டைல ஒரு புரோட்டா கடை, போன வாரம் பார்த்தது. மாஸ்டர் கல்லுல இருந்து திரும்பாமலே "ஏலே"ன்னு ஒரு சத்தம் குடுத்தாரு, பீகார்ல இருந்து புதுசா வந்த பையன் ஓடி வந்து ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கான். இவரு ஒண்ணும் குடுக்கல, அவனும் கையை மடக்கல. இந்தில ‘லே’ன்னா எடுத்துக்கோ, வாங்கிக்கோ. மாஸ்டர் ஆளைக் கூப்பிட்டிருக்காரு, அவன் காதுல "ஏய், இந்தா பிடி"ன்னு விழுந்திருக்கு. இதே ‘லே’க்கு ஸ்பானிஷ்ல ‘அவருக்கு’ன்னு அர்த்தம்.

எப்படி இப்படி ஆகுது? மெதுவா ‘லே’ சொல்லிப் பாருங்க. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாடி போய் ஒட்டுது, காத்து நாக்கோட ரெண்டு பக்கமும் கசியுது, நாக்கை விட்டா ‘ஏ’ வந்துருது. ஒரு மெய், ஒரு உயிர், மனுச வாய்க்கு ரொம்ப லேசான வேலை, அதனால இந்த மாதிரி அசை எல்லா மொழிலயும் கிடக்கு. நம்ம 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்தா 216 தான், ஹவாய் மொழில 8 மெய், 5 உயிர், குறில் நெடில் பிரிக்காம பார்த்தா 40 தான் தேறும். உலகத்துல மொழிங்க ஏறக்குறைய 7000, பேச வேண்டிய விசயத்துக்கோ கணக்கே இல்ல, பிறகு சின்னச் சொல்லுங்க முட்டிக்காம என்ன செய்யும்? சத்தத்துக்கும் அர்த்தத்துக்கும் பிறவி ஒட்டு கிடையாது, பேசுத சனங்க பழக்கத்துல ஒட்ட வச்சது தான். ஜார்ஜிய மொழில ‘மாமா’ன்னா அப்பா!

சில நேரம் அர்த்தமும் சேர்ந்தே முட்டும். சீனத்துல ‘நீ’ன்னா நீ தான். இதைப் பார்த்துட்டு சீனமே தமிழ்ல இருந்து வந்ததுன்னு வாட்ஸ்அப்ல அனுப்புதாங்க, தமிழ் மேல உள்ள பாசத்துல தான் செய்யுதாங்க, ஆனா எனக்கு மனசு கேக்கல. சொந்தம்னா வரிசையா பிடிபடணும். பால், ஹாலு. பல்லு, ஹல்லு. புலி, ஹுலி. நம்ம சொல்லு ‘ப’ல ஆரம்பிச்சா கன்னடத்துல ‘ஹ’, ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்துக் கொத்தா வரும். நம்ம இடையன்குடில இருந்த கால்டுவெல் இப்படிச் சொல்லோட சொல்லு, இலக்கணத்தோட இலக்கணம் வச்சுப் பார்த்துத் தான் திராவிட மொழிங்க ஒரு குடும்பம்னு 1856ல புத்தகம் போட்டாரு. அதே மாதிரி சீனத்துல ‘நீ’க்கு அடுத்து ‘நான்’ என்னன்னு கேட்டுப் பாருங்க, ‘வோ’ங்காங்க. தண்ணிக்கு ‘ஷுவெய்’. ரெண்டாவது சொல்லுலயே நூல் அறுந்துருது.