தேன் ரப்பரில், மகரந்தம் வேலியில்

தை, மாசி மாதங்களில் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ரப்பர் விளைகளுக்குள், அதாவது தோட்டங்களுக்குள், நடந்தால் மர மூட்டில் தேனீப்பெட்டிகள் வரிசையாக நிற்கும். அண்ணாந்து பார்த்தால் பூவைத் தேட வேண்டியிருக்கும். கண்ணில் படுவதெல்லாம் செம்பழுப்புத் தளிர்தான். தேன் வருவதும் அந்தத் தளிரிலிருந்துதான். ரப்பரின் இலைக்காம்பு நுனியில், மூன்று சிற்றிலைகளும் கூடும் இடத்தில் சுரப்பிகள் உண்டு. தளிர் முற்றும்வரை சில வாரங்கள் அதில் இனிப்பு நீர் ஊறும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை.

ஆனால் அந்த நீரில் மகரந்தம் கிடையாது. தேன் தேனீக்குக் கஞ்சி என்றால், மகரந்தம் அதற்குப் பருப்பு. புழுவை வளர்க்கப் புரதம் வேண்டும். முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர இருபது நாள்; அது கூட்டு வேலை முடித்து வெளியே பறக்க இன்னும் இரண்டு மூன்று வாரம். ஆக, தை கடைசியில் ரப்பரில் மேயும் தேனீ, மார்கழிப் பிற்பாதியிலேயே முட்டையாக இருந்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஆனி, ஆடி மழையில் கூடு பிழைத்திருக்க வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் கூட்டைக் காப்பவை தென்னம்பாளை, வேலியில் படர்ந்த கொடிகள், ஓடைக்கரைப் புதர், தரையில் தொட்டாவாடி. விளைக்காரருக்கு இதில் தென்னை தவிர மற்றதெல்லாம் காடு, வெட்ட வேண்டியது.

அந்தக் காடு இல்லாமல் போனால் என்ன செலவு? பூப் பஞ்ச காலத்தில் பெட்டிக்கு வாரம் 200 கிராம் சீனியைக் கரைத்து வைக்கச் சொல்வார்கள். பஞ்சம் பதினேழு வாரம் நீண்டால் 3.4 கிலோ. சீனி கிலோ 45 ரூபாய் என்று வைத்தால் பெட்டிக்கு 153 ரூபாய், ஐம்பது பெட்டிக்கு 7,650. சீனியிலும் புரதம் இல்லை என்பதால் பிரச்சினை பாதிதான் தீரும். நம் நாட்டுத் தேனீ பட்டினி கிடந்து சாகக் காத்திருக்காது. கூட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடும்.

எதிர்த்தட்டில் விளைக்காரரின் நஷ்டத்தை வையுங்கள். ஹெக்டேருக்குச் சுமார் 450 ரப்பர் மரம் என்றால் ஒரு சென்ட்டில் இரண்டு மரம்கூட வராது. மூன்று சென்ட் புதரை விட்டால் போவது ஐந்து மரம். அதுவும் பாறையோ ஓடைச்சரிவோ என்றால் அங்கே பால் வெட்ட மரமே நிற்காது. காடு வெட்டும் கூலிதான் மிச்சம்.

அப்படியானால் தேன்காரர் காசு கொடுத்துப் புதரை நிறுத்தலாமே? இந்தக் கேள்வி பொருளியலில் பழையது. 1952இல் ஜேம்ஸ் மீட் ஆப்பிள் தோட்டத்தையும் தேன் வளர்ப்பவரையும் உதாரணம் காட்டினார்: மரம் நடுபவரால் தேன் கூடுகிறது, அதற்கான கூலி அவருக்கு வருவதில்லை, ஆகவே அவர் குறைவாகவே நடுவார். 1973இல் ஸ்டீவன் சுங் வாஷிங்டன் மாநிலத்தில் போய்ப் பார்த்து, இரு தரப்பும் ஒப்பந்தம் பேசிக் காசு கைமாற்றுவதைக் காட்டினார். சுங் சொன்னது நம் ரப்பர் விளைக்கும் பொருந்தும். பெட்டி வைக்கும் இடத்துக்கு வாடகையோ சில குப்பித் தேனோ கொடுத்தால் முடிந்தது. பருவம் குறுகியது, உடமைக்காரர் யாரென்று தெரியும்.

வேலிப்புதர் விஷயத்தில் மீட் சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. நாட்டுத் தேனீ கூட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம்வரை மேயும் என்று கொண்டால் அந்த வட்டம் 314 ஹெக்டேர், அதாவது 776 ஏக்கர். பத்து சென்ட்டும் இருபது சென்ட்டுமாகப் பிரிந்து கிடக்கும் இந்த மாவட்டத்தில் அதற்குள் எத்தனை நூறு உடமைக்காரர்கள்! ஒவ்வொரு வாசலிலும் போய்த் தொட்டாவாடிக்கு விலை பேச முடியுமா? பேசினாலும், காசு கொடுக்காத அடுத்த தேன்காரரின் பெட்டியும் அதே பூவில்தான் மேயும்.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது: காடு வெட்டுவதைத் தள்ளிப்போடுவது. பூ முடிந்தபின் வெட்டினாலும் கூலி அதேதான். பாதி விளையை இந்த மாதம், மீதியை அடுத்த மாதம் வெட்டினால் தேனீக்கு ஒரு நேரச் சாப்பாடாவது நிற்கும். களைக்கொல்லி அடித்தால் இந்தத் தவணை கிடையாது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ரப்பர் விலை விழும்போது பலர் பால் வெட்டாமலே விளையைப் போட்டுவிடுவார்கள். மூட்டெல்லாம் புதர் ஏறும், தேன்காரர் முகம் மலரும். விலை ஏறினால் ஓடைக்கரைவரை ரப்பர் கன்று இறங்கிவிடும்.