பிஞ்சைப் பிடித்து நிறுத்தும் 20 மில்லிகிராம்

மாமரத்தில் பூத்த பூவெல்லாம் காயாவதில்லை, அது இயல்புதான். ஆனால் பட்டாணி அளவு திரண்ட பிஞ்சுகளும் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் தோட்டக்காரருக்கு வயிறு எரியும். அந்த நேரத்தில் மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் 'பிளானோபிக்ஸ்' போன்ற மருந்துகளில் இருப்பது நாப்தலீன் அசிட்டிக் அமிலம், சுருக்கமாக என்.ஏ.ஏ. இது உரமும் அல்ல, பூச்சிக்கொல்லியும் அல்ல. மரத்துக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆக்சின் என்ற ஹார்மோனின் வேலையைச் செய்யும் செயற்கைப் பொருள்.

பிஞ்சின் காம்பில், பிரிவதற்கென்றே அமைந்த மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. வளரும் விதை ஆக்சினைச் சுரந்து காம்பு வழியாகக் கிளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த வரத்து நிற்காதவரை அடுக்கு கெட்டியாக இருக்கும். வறட்சியாலோ கரு சரியாக வளராமலோ வரத்து குறைந்தால், உதிர்வைத் தூண்டும், செடியே உண்டாக்கும் எத்திலீன் வாயுவின் கை ஓங்குகிறது. அடுக்கிலுள்ள செல்கள் நொதிகளைச் சுரக்க, செல்லோடு செல்லை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைகிறது. பிறகு லேசான காற்றே போதும், பிஞ்சு விழுந்துவிடும். என்.ஏ.ஏ. தெளித்தால், குறைந்துபோன வரத்து ஈடுகட்டப்படுகிறது.

இயற்கை ஆக்சினையே தெளித்தால் என்ன? அது வெளிச்சத்தில் சிதையும். செடியின் நொதிகளும் அதை விரைவில் உடைத்துவிடும். என்.ஏ.ஏ. அந்த நொதிகளுக்கு எளிதில் அகப்படாது.

அளவில்தான் எல்லாம் இருக்கிறது. மாமரத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 20 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 20 மில்லிகிராம். 4.5 சதவீத மருந்தானால் 10 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 4.5 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் ஊசிக்குழாயால் அளந்து எடுங்கள். ஆக்சின் மிஞ்சினால் செடியே எத்திலீனைக் கூடுதலாக உற்பத்தி செய்யும். உதிர்வு நிற்பதற்குப் பதில் அதிகமாகும். ஆப்பிள் தோட்டங்களில் பூ முடிந்த கையோடு இதே என்.ஏ.ஏ.வைத் தெளித்து, நெருக்கமான பிஞ்சுகளை வேண்டுமென்றே உதிர்க்கிறார்கள். அறுவடைக்கு முன் காய் விழாமல் இருக்கவும் அதையேதான் தெளிக்கிறார்கள்! ஒரே பொருள், பருவம் மாறினால் பலன் தலைகீழ். எனக்கு இதில் அலுக்காத வியப்பு இதுதான்.

நாற்றங்காலில் மல்லிகை, மாதுளைக் குச்சிகளின் அடியில் தொட்டு நடும் இண்டோல் பியூட்டிரிக் அமிலமும் ஆக்சின் வகைதான். வெட்டுவாயில் புது வேர்களை அது தூண்டுகிறது.

இந்தக் குடும்பத்தில் களைக்கொல்லியும் உண்டு. 2,4-டி மிகக் குறைந்த அளவில் ஆரஞ்சுப் பழங்கள் உதிராமல் காக்கும். அளவு கூடினால் அகன்ற இலைச் செடிகளை முறுக்கிச் சாகடிக்கும். அதனால் 2,4-டி அடித்த தெளிப்பானை, என்னதான் கழுவினாலும், தக்காளிக்கோ பருத்திக்கோ கொண்டுபோகாதீர்கள். தொட்டியில் ஒட்டியிருக்கும் மிச்சம் போதும், தளிர் இலைகள் குறுகிச் சுருண்டு, நரம்புகள் நெருங்கி, உருமாறிவிடும்.