ஃபுல் இன்சூரன்ஸில் எவ்வளவு ஃபுல்?

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வடிந்த கையோடு பலரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். சேறு படிந்த காரின் கதவைத் திறந்து, சீட்டைத் துணியால் துடைத்துவிட்டு, சாவியைத் திருகினார்கள். டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஃபுல் இன்சூரன்ஸ்தானே என்று தைரியமாக க்ளெய்ம் போட்டவர்களுக்கு சீட்டுக்கும் வயரிங்குக்கும் பணம் வந்தது. எஞ்சினுக்குக் கையை விரித்துவிட்டார்கள்.

காரணம் பாதி இயற்பியல், பாதி ஒப்பந்தம். பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறும்போது, உள்ளே இருக்கும் காற்றை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருகினால், பிஸ்டன் பாறையில் மோதியதுபோல் நின்றுவிடும், பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சும்மா நின்றபடி நனைந்த எஞ்சினைப் பிரித்துக் காயவைத்து மீட்டுவிடலாம். ஸ்டார்ட் செய்த எஞ்சினை அப்படி மீட்பது கடினம். இன்சூரன்ஸ் கம்பெனி இங்கேதான் கோடு கிழிக்கிறது. தண்ணீர் ஏறியது வெள்ளத்தின் சேதம். ராடு வளைந்தது நீங்கள் சாவியைத் திருகியதால் வந்த சேதம். பின்னதற்கு 'எஞ்சின் புரொடெக்ட்' என்று தனியாகக் காசு கட்டியிருக்க வேண்டும்.

ஆக, ஃபுல் என்று நாம் சொல்வது ஃபுல் இல்லை. அந்த ஒரே காகிதத்துக்குள் இரண்டு வேறு வேறு ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

ஒன்று, தேர்ட் பார்ட்டி. நீங்கள் முதல் ஆள், கம்பெனி இரண்டாவது ஆள், உங்கள் கார் இடித்த மனிதர் மூன்றாவது ஆள். மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது இதை மட்டும்தான். இல்லாமல் ஓட்டிச் சிக்கினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், சிறைக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் அபராதம் இங்கே சின்ன விஷயம். மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கும் 30 வயதுக் கொத்தனார் ஒருவர் விபத்தில் இறக்கிறார், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 2.4 லட்சம். அவருடைய சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1.6 லட்சம். அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த பெருக்கு எண் 17. பெருக்கினால் 27.2 லட்சம். எதிர்கால வருமான உயர்வு, ஈமச் செலவு எல்லாம் இதற்கு மேல். இதைக் கொடுக்க வேண்டியது வண்டியின் சொந்தக்காரர். பாலிசி இருந்தால் அவருக்காகக் கம்பெனி கொடுக்கும், உயிரிழப்புக்கு உச்சவரம்பே கிடையாது. 1,000 முதல் 1,500 சிசி வரையான காருக்கு இந்தப் பாதுகாப்பின் ஆண்டு பிரீமியம், 2022 ஜூனில் அரசு நிர்ணயித்தபடி, வரி நீங்கலாக 3,416 ரூபாய்.

இப்போது புதுக் கார் வாங்கினால் மூன்று ஆண்டுக்கான தேர்ட் பார்ட்டியைச் சேர்த்தே வாங்க வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ராஜசேகரன்.

இரண்டாவது ஒப்பந்தம் ஓன் டேமேஜ், அதாவது உங்கள் வண்டிக்கானது. இது ஊர்ப்பொதுவில் போட்டுவைக்கும் பணம் மாதிரி. 10,000 கார்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று அடிபட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் செலவாகிறது என்று ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். மொத்தம் ஒரு கோடி, ஆளுக்கு 1,000 ரூபாய். பத்துப் பேர் மட்டும் சேர்ந்து இதை நடத்த முடியாது. ஓராண்டு ஒன்றுமே நடக்காது, அடுத்த ஆண்டு ஒரே விபத்தில் உண்டியல் காலி. 10,000 பேர் சேர்ந்தால் விபத்து எண்ணிக்கை பெரும்பாலும் எண்பதுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவில் நிற்கும். யார் இடிப்பார் என்று தெரியாது; எத்தனை பேர் இடிப்பார்கள் என்று தெரியும். கம்பெனிக்கு அது போதும்.

வாங்கும்போது எல்லோரும் கேட்பது ஐடிவி. கார் முழுதாகப் போனாலோ திருடு போனாலோ கிடைக்கும் உச்சத் தொகை அது. காரின் வயது ஆறு மாதத்துக்குள் என்றால் அதன் விலையில் 5 சதவீதம் கழிப்பார்கள், நான்கு ஆண்டு தாண்டி ஐந்துக்குள் என்றால் 50 சதவீதம். பிரீமியம் குறையும் என்று ஐடிவியை இறக்கித் தரும் ஏஜென்ட் உங்களுக்கு உதவி செய்யவில்லை. சின்னச் சின்ன அடிகளில் வேலை செய்வது வேறு கழிவு. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்குப் பாதி விலைதான் தருவார்கள், கண்ணாடிக்கு மட்டும் கழிவே இல்லை. இந்தக் கழிவைத் தவிர்க்கத்தான் ஜீரோ டெப், நம் ஊர்ப் பேச்சில் பம்பர் டு பம்பர்.

ஜீரோ டெப் இல்லாத ஒரு காரின் பம்பர் உடைகிறது, விலை 12,000. கூலியை விட்டுவிடுவோம். பாதி போக 6,000, 1,500 சிசி வரையான காருக்குக் கட்டாயமாகக் கழிக்கும் 1,000 போக, கைக்கு வருவது 5,000. சரி, க்ளெய்ம் போடலாமா? ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 என்றும், ஐந்து ஆண்டு க்ளெய்ம் போடாததால் 50 சதவீதத் தள்ளுபடியில் 4,000 கட்டுகிறீர்கள் என்றும் வைப்போம். அந்தத் தள்ளுபடிக்குப் பெயர் நோ க்ளெய்ம் போனஸ். ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் அது பூஜ்யத்துக்கு விழும். மறுபடி 20, 25, 35, 45 என்று ஏறி 50க்கு வர வேண்டும். அதற்குள் நீங்கள் கட்டுவது 8,000, 6,400, 6,000, 5,200, 4,400. வழக்கமான 4,000ஐ விட மொத்தம் 10,000 கூடுதல். ஐடிவி குறையக் குறைய அசல் பிரீமியமும் இறங்கும், அதனால் உண்மைத் தொகை கொஞ்சம் குறையலாம். இருந்தாலும் 5,000 வாங்க அதைவிட அதிகம் கொடுக்கும் வியாபாரம் இது. டிங்கரிங் கடைக்குச் சொந்தக் காசைக் கொடுத்துவிடுவது மேல்.

அப்புறம் அந்த வெள்ளம். பத்தாயிரம் கார்க் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒருவருக்கு நேரும் விபத்துக்கும் அடுத்தவருடையதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் எல்லாக் காரும் ஒரே இரவில் மூழ்கினால் அந்தக் கணக்கும் சேர்ந்தே மூழ்கும். அதற்காகவே இன்சூரன்ஸ் கம்பெனிகள் தங்களுக்கு ஒரு இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருக்கின்றன. மறுகாப்பீடு என்று பெயர். சென்னையின் சேதம் வேறு நாடுகளின் பணத்தோடும் சேர்ந்து பங்காகிறது.

கார் வைத்திருப்பவர்களும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசைகட்டி நின்றன.