முன்னாள் ராணுவத்தினரின் காது மந்தம்: வயதின் மேல் பழி போடாதீர்கள்

தண்டையார்பேட்டையில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கிறேன். ஓய்வு பெற்ற ராணுவத்தினரைப் பெரும்பாலும் மனைவியோ மகளோதான் அழைத்து வருகிறார்கள். "டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கிறது, டாக்டர்" என்பார்கள். அவரோ, "வயதாகிவிட்டதம்மா" என்று முடித்துவிடுவார். ஐம்பது வயது காது மந்தமாகும் வயதல்ல.

செவித்திறன் பரிசோதனையில் விஷயம் தெரிந்துவிடும். மூப்பினால் வரும் குறைவில், எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைகோடு இரு காதுகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சரியும். வேட்டுச் சத்தம் கெடுத்த காதின் வரைகோட்டில் 4,000 ஹெர்ட்ஸ் என்னும் கீச்சென்ற ஒலி அளவின் அருகே பள்ளம் விழுந்திருக்கும். வலது தோளில் துப்பாக்கியை அணைத்துச் சுட்டவருக்கு இடது காதுதான் அதிகம் பழுதாகும்; வலது காதைத் தலையே மறைத்துக் காக்கிறது. ரைஃபிளின் ஒரு வேட்டு 150 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் ஒரே ஒரு சத்தம்கூட ஒலியை உணரும் உட்செவியின் மயிரணுக்களைச் சிதைத்துவிடலாம். சிதைந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

அதனால் பேச்சு காதில் விழும், புரியாது. ச, த போன்ற ஒலிகள் நழுவிவிடும். பதில் சொல்லாதவருக்கு வீட்டில் முரடர் என்று பெயர் வந்துவிடுகிறது. இதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

ஆனால், ஒரு காது மட்டும் மந்தம் என்றால் துப்பாக்கிதான் காரணம் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. செவி நரம்புக் கட்டியும் அப்படித் தொடங்கலாம்; தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம்.

ஓய்வுக்குப் பின் மணலி, எண்ணூர் பக்கம் காவலாளி வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தால் இடத்தை மாற்றித் தரக் கேளுங்கள். 85 டெசிபலில் தினமும் எட்டு மணி நேரம் இருந்தாலே மிச்சமிருக்கும் செவித்திறனும் கரையும். இயர் பிளக் விலை மிகக் குறைவு.

2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை பலரிடம் இருக்கிறது. அதில் காது கேட்கும் கருவியும் உண்டு என்பது தெரியாமல் கைக்காசைச் செலவழிக்கிறார்கள். முதலில் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். இன்னும் பணியில் இருப்பவர்கள், ஓய்வுக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் காது இரைச்சலை மறைக்காமல் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். பதிவில் இல்லாததைப் பணியால் வந்தது என்று பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு.

ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் எந்தக் கடிதத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். அன்றே காது மருத்துவரிடம் வாருங்கள், ஸ்டான்லி மருத்துவமனைக்காவது செல்லுங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். இரண்டு வாரம் கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.