கராஜ் கூரைக்குள் கருகிய மரம்

போன குளிர்காலத்தில் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுப் பரிசோதனை என் தொழில். விறகு அடுப்புகளைச் சோதிப்பதற்கான வெட் (WETT) சான்றிதழும் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் என்னைவிட மூத்தவர், கார் திருத்துவதில் நல்ல கைகாரர். வீட்டோடு ஒட்டிய கராஜில் தானே ஒரு விறகு அடுப்பை வைத்து, புகைபோக்கியையும் தானே போட்டிருந்தார். இரண்டு குளிர்காலம் எரித்தாயிற்று. "ஒரு பிரச்சினையும் இல்லைத் தம்பி. காப்புறுதிக்காரர் கடிதம் கேட்கினம், அதுக்குத்தான் கூப்பிட்டனான்" என்றார்.

ஏணி வைத்து ஏறினேன். குழாய் உட்கூரையைத் துளைத்துப் போகும் இடத்தில் அழகுக்கு ஒரு தகர வளையம் இருந்தது. அதைக் கழற்றினால், பின்னால் ட்ரைவால் என்ற உட்கூரைப் பலகையின் காகிதம் தேயிலைச் சாயம் பட்டதுபோலப் பழுப்பாக இருந்தது, தொட்டதும் உதிர்ந்தது. குழாயைச் சுற்றி இளஞ்சிவப்புக் கண்ணாடிப் பஞ்சை இறுக்கி அடைத்திருந்தார். அதை இழுத்து எடுத்துவிட்டுப் பக்கத்துக் கூரைச் சட்டத்தில் திருப்புளியால் குத்தினேன். கருகிய பாணின் மேல்பக்கம்போலப் பொருபொருவென்று கொட்டியது. அரை அங்குல ஆழத்துக்குக் கரி.

கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "மரத்தைக் காப்பாற்றத்தானே அந்தப் பஞ்சை வைச்சனான்?"

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பஞ்சு எரியாது என்பது சரி. ஆனால் அது சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கும். குழாயைச் சுற்றிக் காற்று ஓடினால்தான் சூடு கலையும். சாதாரண மரம் தீப்பிடிக்க 250 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். மாதக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு உள்ளே கரியாகிப் போன மரமோ அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றிவிடும். ஆகவே "இரண்டு வருடமாக ஒன்றும் நடக்கவில்லை" என்பது எனக்கு ஆறுதலான செய்தி அல்ல. ஒவ்வொரு குளிர்காலமும் அந்த மரம் தீக்கு இன்னும் கொஞ்சம் தயாராகிக்கொண்டிருக்கிறது.

அண்ணை செய்த அடிப்படைப் பிழை வேறு. அடுப்பிலிருந்து கிளம்பும் கறுப்பு ஒற்றைத் தகரக் குழாயையே கூரைக்கு வெளியே வரை கொண்டுபோயிருந்தார். அந்தக் குழாய் அறைக்குள் மட்டும் ஓட வேண்டியது. அதற்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் இடையே 18 அங்குலம் வேண்டும். உட்கூரையைத் தொடும் இடத்தில் தாங்கிப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, அங்கிருந்து மேலே காப்புச் சுவர் உள்ள புகைபோக்கிக்கு மாற வேண்டும். கனடாவில் வாங்கும்போது அதன் உடம்பில் 650 பாகை செல்சியஸ் என்றும், யூஎல்சி எஸ்629 (ULC S629) என்ற கனடியத் தர எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் புகைபோக்கிக்கும் மரத்துக்கும் நடுவே பெரும்பாலும் 2 அங்குல இடைவெளி கேட்பார்கள். அந்த 2 அங்குலம் வெறும் காற்றாகவே இருக்க வேண்டும். பஞ்சு, துணி, மரத்தூள் எதுவும் கூடாது. பரணில் பஞ்சு சரிந்து விழாமலிருக்கத் தனித் தகரக் கவசம் கடையில் கிடைக்கிறது. விலையைப் பார்த்துப் பலர் அதைத்தான் முதலில் தவிர்க்கிறார்கள்.

குழாய்த் துண்டுகளின் சுருக்கிய முனை அடுப்பைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பார்ப்பதற்குத் தலைகீழாகப் பூட்டியதுபோலத் தெரியும். ஆனால் புகை குளிர்ந்து வடியும் கிரியோசோட் என்ற தார் அப்போதுதான் குழாய்க்குள்ளேயே இறங்கி அடுப்புக்குத் திரும்பும். மாறிப் பூட்டினால் மூட்டு வழியாக வெளியே ஒழுகும். ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று திருகாணி. ஈர விறகு எரித்தால் இந்தத் தார் மளமளவென்று படியும். அது பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் சூடு ஆயிரம் பாகையைத் தாண்டும். கரியான சட்டத்துக்கு அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூரைக்கு மேலே, புகைபோக்கி துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம் வேண்டும். சுற்றிலும் 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயர்ந்தும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும், வீட்டோடு ஒட்டிய கராஜில் விறகு அடுப்பு வேண்டாம் என்பதே என் கருத்து. அண்ணையின் அடுப்பிலிருந்து நாலு அடியில் ஒரு சிவப்புப் பெற்றோல் கேன் இருந்தது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போகும். உறைகுளிரிலும் எழும்பும், அடுப்பின் காற்றுத் துளை வரை தானே வந்து சேரும். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 211 விதி வீட்டு கராஜில் விறகு அடுப்பு வைக்கவே கூடாது என்கிறது. கராஜுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒன்ராறியோ விதி கேட்பதும் கராஜ் காற்று வீட்டுக்குள் போகக்கூடாது என்பதற்காகத்தான். அந்த வீட்டில் அந்தக் கதவுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கதவுக்கு அப்பால் பேரப்பிள்ளைகளின் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஹோக்கின்ஸ் குடும்பத்தில் நான்கு பேர் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவால் இறந்தார்கள். அதன் பின்தான் 2013இல் ஹோக்கின்ஸ் கிக்னாக் சட்டம் வந்தது. எரிபொருள் சாதனமோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில், படுக்கையறைப் பக்கத்தில் அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அண்ணை வீட்டில் கருவி இருந்தது, பற்றரி இல்லை.

நான் கடிதம் எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது, எனக்கு அது விளங்கியது. தன் கையால் செய்த வேலை. கோடையில் திரும்பக் கூப்பிட்டார். கராஜுக்கு மின்சூடாக்கி போட்டுவிட்டார். அடுப்பை, வளவின் பின்பக்கம் தனியாகக் கட்டிய மரவேலைக் கொட்டிலில் வைக்கப் போகிறார். இம்முறையும் தானேதான் செய்கிறார், அதில் தவறேதுமில்லை. ஆனால் நகரசபையில் பெர்மிட் எடுத்திருக்கிறார். அதிகாரி வந்து பார்க்கும் வரை உட்கூரைப் பலகையை மூடாமல் திறந்தே வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் யாரோ முன்பு போட்ட அடுப்பு இருந்தால், இந்தக் குளிருக்கு முதல் விறகு வைக்குமுன் குழாய் ஆறியிருக்கும்போதே அந்தத் தகர வளையத்தை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். காகிதம் பழுத்திருந்தால், உள்ளே பஞ்சு தெரிந்தால், தீ மூட்டாதீர்கள். வெட் சான்றிதழ் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்.