மீள்பற்று: ‘சார்ஜ்பேக்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் சுமை

“உங்கள் கணக்கில் ரூ. 12,500-க்கு சார்ஜ்பேக் பதிவாகியிருக்கிறது. ஏற்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா என்பதை ஏழு நாளுக்குள் தெரிவிக்கவும்.” இணையம் வழியாகப் பணம் வாங்கித் தரும் நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்தில் வந்த செய்தியின் சாரம் இவ்வளவுதான். அதில் ஒரே ஒரு சொல்லை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். அந்தப் புரிதலுக்கு விலையும் 12,500 ரூபாய்தான்.

நான் கடை வைத்திருப்பவன் இல்லை. வீடு சேரன்மகாதேவியில். பக்கத்துப் பத்தமடையில் பாய் நெய்கிற அக்கா ஒருவரிடம் வருஷத்துக்கு ஏழெட்டுப் பட்டுப்பாய் சொல்லிவைத்து வாங்கி, வெளியூரிலும் வெளிநாட்டிலும் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். தாமிரபரணிக் கரைக் கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கீறி நெய்கிற பாய் அது. கல்யாணப் பாய் என்றால் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் சேர்த்தே நெய்துவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்மூர்ப் பையன் ஒருவன் தன் கல்யாணத்துக்கு அப்படி ஒரு பாய் கேட்டான். கார்டில் பணம் கட்டினான். நான் ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத்தான் மேலே சொன்ன செய்தி வந்தது.

‘சார்ஜ்பேக்’ என்றதும் ‘பணத்தைத் திருப்பிக் கேட்கிறான்’ என்று எடுத்துக்கொண்டேன். பையனுக்கு போன் போட்டேன். “பார்சல் இன்னும் வரலண்ணே, தேதி நெருங்குது, பேங்க்ல சொல்லிட்டேன்” என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் அவன் அப்பாவின் கணக்குக்கு அன்று இரவே யூபிஐ வழியாக 12,500 அனுப்பிவிட்டேன். நான்கு நாள் கழித்துக் கணக்கைப் பார்த்தால், அந்த நிறுவனம் முதலிலேயே என் பெயரில் 12,500 பிடித்திருந்தது. ஒரு பாய்க்கு இரண்டு தடவை பணம் போயிருக்கிறது.

அக்காவிடம் சொன்னபோது தறியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்: “துட்டு வந்துட்டுன்னு சொன்னிய, இப்ப எடுத்துட்டாவங்கிய. நீங்க குடுத்தியளா, அவங்க எடுத்தாவளா?”

இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ரீஃபண்ட் என்றால் விற்றவர் கொடுப்பது. சார்ஜ்பேக் என்றால் வங்கி எடுப்பது. தமிழில் இரண்டையும் ‘பணம் திருப்பித் தரப்படும்’ என்று ஒரே மாதிரி எழுதிவிட்டால், யார் தருகிறார்கள், யார் எடுக்கிறார்கள் என்பது மறைந்துபோகிறது.

‘சார்ஜ்’ நமக்குப் புதுச் சொல் இல்லை. போனுக்கு சார்ஜ் போடுகிறோம். பஸ் சார்ஜ் கொடுக்கிறோம். புது அதிகாரி சார்ஜ் எடுத்துக்கொள்கிறார். போலீஸ் சார்ஜ் ஷீட் தாக்கல் செய்கிறது. ஒன்றுக்கொன்று ஒட்டாதவை போலத் தெரிந்தாலும் எல்லாவற்றுக்கும் வேர் ஒரு வண்டிதான். லத்தீனில் ‘கர்ருஸ்’ என்றால் வண்டி. இன்றைய பிரான்ஸ் பக்கம் இருந்த பழைய ‘கால்’ (Gaul) நாட்டு மக்களின் மொழியிலிருந்து லத்தீனுக்குப் போன சொல். அதிலிருந்து ‘கர்ரிகாரே’, அதாவது வண்டியில் பாரம் ஏற்றுதல். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆயிற்று. நாம் ஓட்டுகிற காரும், கப்பலில் ஏறும் கார்கோவும் இதன் பங்காளிகள். பாரம் ஏற்றுவது என்ற பொருள்தான் பொறுப்பை ஏற்றுவது, செலவை ஏற்றுவது, குற்றத்தை ஏற்றுவது என்று விரிந்தது. தமிழிலும் மனசு இதே வழியில் போயிருக்கிறது: சுமை சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம், குற்றமும் சுமத்துகிறோம். இரண்டு மொழிக்கும் இதில் உறவில்லை. பாரத்தைத் தூக்கிய மனிதர்கள் எங்கேயும் ஒன்றுபோல யோசித்திருக்கிறார்கள்.

ஆக, சார்ஜ்பேக் என்றால் வாங்கியவர் கணக்கில் ஏற்றிய சுமையை இறக்கி, விற்றவர் தலையில் திருப்பி ஏற்றுவது. பெரிய நிறுவனங்களில் ஒரு பிரிவின் செலவை இன்னொரு பிரிவின் கணக்கில் எழுதுவதற்கும் இதே சொல் உண்டு. அது நமக்கு இங்கே வேண்டாம்.

கார்டு உலகத்தில் இந்த ஏற்பாடு வாங்குபவரைக் காப்பாற்ற வந்தது. அமெரிக்காவில் 1974-இல் வந்த ஒரு சட்டம், கடன் அட்டை பில்லில் தப்பு இருந்தால் அதை எதிர்த்துக் கேட்கும் உரிமையை அட்டை வைத்திருப்பவருக்குக் கொடுத்தது. விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகள் தங்கள் விதிகளிலும் இதை வைத்திருக்கின்றன. பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் வரை அவகாசம். பொருள் வரவில்லை என்ற புகாராக இருந்தால், அது வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்தும் நாள் எண்ணுவார்கள். அதனால் பார்சல் அனுப்பி ஒரு மாதம் ஆகிவிட்டது, இனி ஒன்றும் வராது என்று விற்றவர் இருந்துவிட முடியாது.

நடப்பது இப்படி. வாங்கியவர் தன் வங்கியிடம் சொல்கிறார். அந்த வங்கி கார்டு வலையமைப்பு வழியாக விற்றவருக்குப் பணம் வாங்கித் தந்த வங்கியைக் கேட்கிறது. அது நடுவில் இருக்கும் நிறுவனத்தைக் கேட்கிறது. நிறுவனம் நம் கணக்கில் அந்தத் தொகையைப் பிடித்துவைத்துக்கொண்டு, அப்புறம் நம்மைக் கேட்கிறது. பெரும்பாலும் பிடித்த பிறகுதான் கேள்வி. சிலர் இதற்கென்று தனிக் கட்டணமும் எடுக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தினால், அதுதான் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. வேறு வழியில் தனியாக அனுப்பத் தேவையே இல்லை. அனுப்பினால் நான் பட்டதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

‘கட்டண மீட்பு’ என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு அது ஒட்டவில்லை. மீட்பு என்றாலே அநியாயமாகப் பறிபோனதை மீட்பது என்ற தொனி வந்துவிடுகிறது. விற்றவன் திருடன் என்று சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. பையன் பொய் சொல்லவில்லை, நானும் ஏமாற்றவில்லை. அந்த நிலைக்கும் பொருந்துகிற சொல் வேண்டும். ‘கட்டணத் திருப்பம்’ கதையில் வரும் திருப்பம் போல இருக்கிறது. ‘மறுபற்று’ என்றால் இன்னொரு தடவை பற்று என்று ஆகிவிடும்.

எனக்கு வழி காட்டியது எங்கள் தெருப் பலசரக்குக் கடையின் நோட்டு. நீள நோட்டு, சிவப்பு அட்டை, நடுவில் கோடு. ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு. ‘அவருக்குக் கடையில பத்து இருக்கு’ என்று சொன்னால் சாமான் வாங்கியிருக்கிறார், துட்டு இன்னும் தரவில்லை என்று பொருள். பற்று என்றால் பிடிப்பது. கணக்கில் பிடித்தது பற்று, வந்தது வரவு. வங்கிப் பாஸ்புக்கிலும் இதே இரண்டு சொல்தான் அச்சாகியிருக்கிறது. வாங்கியவர் கணக்கில் எழுதிய பற்று மீண்டு, விற்றவர் கணக்கில் பற்றாக உட்காருகிறது. அதனால் மீள்பற்று. ‘சார்ஜ்’ என்பதன் கணக்குப் பொருளும் ‘பேக்’ என்பதன் திரும்புதலும் இதில் வந்துவிடுகின்றன. பிடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் தெரிகிறது. யார் பக்கமும் சாயவில்லை. ரீஃபண்டுக்கு ‘திருப்பிக் கொடுத்தல்’ போதும்; அதில் கொடுக்கிறவர் இருக்கிறார். பேச்சில் என்றால் அக்கா சொன்ன ‘எடுத்துட்டாவ’ ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

அக்கா சொன்ன ‘துட்டு’ பற்றியும் ஒரு வார்த்தை. டச்சுக்காரர்களின் செப்புக் காசுக்கு ‘டுயிட்’ என்று பெயர்; நம் துட்டு அதிலிருந்து வந்தது. 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் அவர்கள். கடல் தாண்டி வந்த ஒரு காசின் பெயர் இந்தச் சீமையில் இப்படி ஊறிக் கிடக்கும்போது, சார்ஜ்பேக்கையும் அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். பேச்சில் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. துட்டு என்றால் என்னவென்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சார்ஜ்பேக் என்றால் என்னவென்று தெரியாமல் ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது. எழுத்தில் தமிழ்ச் சொல் வேண்டும் என்று நான் நிற்பது அதனால்தான்.

சார்ஜ்பேக்கோடு சேர்ந்தே வரும் சொல் ‘டிஸ்ப்யூட்’, அதாவது பிடித்த பணத்தை எதிர்த்துக் கேட்பது. அதற்கு இரண்டு சொல் கைவசம் இருக்கின்றன. எங்கள் பக்கம் குறை சொல்வதை ஆவலாதி என்போம். ‘ஒம்மேல ஆவலாதி வந்திருக்கு’ என்றால் யாரோ யாரிடமோ போய்ச் சொல்லியிருக்கிறார். வாங்கியவர் வங்கியிடம் முதலில் சொல்வது ஆவலாதிதான். இரண்டு பக்கமும் வாதம் வைக்கிற கட்டம் வந்துவிட்டால் அது தாவா. அரபியிலிருந்து வந்து, பத்திர ஆபீசிலும் வரப்புச் சண்டையிலும் நெடுநாள் புழங்கிய சொல். ஆவலாதி முற்றினால் தாவா. அந்த வரிசை ஆங்கிலச் சொல்லில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை.

தாவாவில் ஜெயிக்க உதவுவது ரசீது. பாரசீகத்தில் ‘ரசீத்’ என்றால் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததற்கான சீட்டு என்பதுதான் ரசீதின் பிறப்புப் பொருள். நாம் அதைப் பணம் கட்டியதற்கான சீட்டாக மட்டும் நினைக்கிறோம். ‘பொருள் வரவில்லை’ என்ற தாவாவுக்கு வேண்டியது பழைய பொருளில் உள்ள ரசீது: எந்த முகவரியில், எந்தத் தேதியில், யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்பது. பணம் கட்டும்போது கொடுத்த முகவரியும் பார்சலில் எழுதிய முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘மாமா வீட்டுக்கு அனுப்பிருங்க’ என்று பிறகு வாட்ஸ்அப்பில் சொன்னால், ஆதாரம் அங்கேயே பாதி வலு இழக்கிறது. ‘சொன்னபடி இல்லை’ என்ற தாவாவுக்கு இந்த ரசீது பயன்படாது. அதற்குக் கட்டும் முன் எடுத்த படமும், அளவும் நிறமும் எழுதிப் பேசிய பேச்சும் வேண்டும். நான் இப்போது பாயைச் சுருட்டும் முன் பெயர் நெய்த இடத்தைக் கிட்ட வைத்து ஒரு படம், அளவு நாடாவை விரித்து ஒரு படம், முகவரி ஒட்டிய பொட்டலத்தை ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.

யூபிஐயில் கதை வேறு. ஆளுக்கு ஆள் அனுப்பிய பணத்தை, ‘பொருள் சரியில்லை’ என்று சொல்லிக் கார்டு போல இழுக்க முடியாது. பணம் கழிந்து எதிராளிக்குச் சேராமல் போனால்தான் தானாகத் திரும்பும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-இல் விட்ட சுற்றறிக்கைப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பியதில் மறுநாளுக்குள்ளும், கடைக்குக் கட்டியதில் ஐந்து நாளுக்குள்ளும் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு. இது மீள்பற்று இல்லை, வெறும் திரும்புதல். ஆனால் கோபப்பட்ட வாங்குபவர், இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட்டு மோசடி என்று சொல்லிவிட்டால், விற்றவர் கணக்கில் அந்தத் தொகையை வங்கி நிறுத்திவைக்கும். ‘லீன் போட்டுட்டாங்க’ என்கிறார்கள். கட்டு என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல் அது. பணம் நம் கணக்கில்தான் இருக்கும், எடுக்க முடியாது. அப்போதும் பேசிய பேச்சும் அனுப்பிய சீட்டும்தான் கைகொடுக்கும்.

என் பாய் என்ன ஆயிற்று? தபால்காரர் வந்தபோது பையன் வீட்டில் ஆளில்லை. சீட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்; அதை யாரும் கவனிக்கவில்லை. அவன் அஞ்சலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிய தேதி தடமறியும் பக்கத்தில் வந்தது. ஏழு நாள் அவகாசத்தில் ஆறாவது நாள் அது. அன்றைக்கே ‘எதிர்க்கிறேன்’ என்று அழுத்தி, எல்லாவற்றையும் இணைத்தேன். பையனும் தன் வங்கிக்கு, பொருள் வந்துவிட்டது, ஆவலாதியைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினான். அவன் அப்பா நான் அனுப்பிய 12,500-ஐ அன்று சாயங்காலமே திருப்பி அனுப்பிவிட்டார். “பேரு போட்ட பாய வேற ஆருக்குத் தம்பி குடுக்க முடியும்” என்று அதுவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு முதல் போன். பிடித்த தொகை திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. என் நோட்டில் பற்றுப் பக்கம் ‘மீள்பற்று 12,500’ என்றும், இரண்டு மாதம் கீழே வரவுப் பக்கம் ‘மீள்பற்று நீங்கியது’ என்றும் எழுதியிருக்கிறேன்.

ஒரு சொல் மட்டும் இன்னும் பாக்கி. விற்றவர் ஆதாரத்தோடு தன் கணக்கை மறுபடி முன்வைப்பதை வங்கிக்காரர்கள் ‘ரெப்ரசென்ட்மென்ட்’ என்கிறார்கள். ‘மறுமுன்வைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை. இப்போதைக்கு ‘எதிருரை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.