ஏற்காட்டில் எழுதிய துருவ வானம்

மார்கழி அதிகாலையில் ஏற்காட்டு மலைப்பாதையில் பஸ்ஸில் போனவர்களுக்கு மூடுபனியின் குணம் தெரியும். முகப்பு விளக்கின் ஒளி பனியில் பட்டுச் சிதறி, எதிரே வெள்ளைச் சுவராக நிற்கும். அடுத்த கொண்டை ஊசி வளைவு அதற்குப் பின்னால் காணாமல் போய்விடும். வட துருவத்தை ஒட்டிய நாடுகளின் இரவு வானில் திரைபோல் நெளிந்து ஒளிரும் துருவ ஒளியை (அரோரா) கணினியில் அசைபடமாக்க நான் எழுதிய முதல் நிரல், இந்தப் பனியைத்தான் பின்பற்றியது. பச்சைப் பனி வானில் மிதந்தது, நெளிந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு விண்மீன்கூட இல்லை.

துருவ ஒளியின் இயல்பை எனக்குக் கற்றுத் தந்தது அந்தப் பிழைதான். பனி வேறெங்கிருந்தோ வரும் ஒளியை வாங்கிச் சிதறடிக்கிறது, பின்னால் இருப்பதை மறைக்கிறது. துருவ ஒளியோ தானாக ஒளிர்வது. 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று மிக மிக மெலிந்திருப்பதால், அங்கே பிறக்கும் ஒளியை வழிமறிக்க எதுவும் இல்லை. ஆகவே நிரலில் கழித்தலுக்கு இடமில்லை, கூட்டல் மட்டும்தான். சேலத்து வெண்பட்டு வேட்டியைக் கொடியில் காயப்போட்டு, வெயிலுக்கு எதிரே நின்று பாருங்கள். மடிப்பு விழுந்த இடம் இருண்டு தெரியும். துருவ ஒளித் திரையில் மடிப்பு விழும் இடம்தான் பளிச்சிடும், ஏனென்றால் நம் பார்வை அங்கே ஒளிரும் காற்றை அதிகத் தூரம் கடந்து செல்கிறது.

இந்தக் கூட்டலை நிரல் எப்படிச் செய்கிறது? கணினித் திரையின் ஒவ்வொரு படப்புள்ளி வழியாகவும் வானை நோக்கி ஒரு கோட்டை அனுப்புகிறது. அந்தக் கோட்டில் அடியடியாக நடந்து, ஒவ்வோர் அடியிலும் எவ்வளவு ஒளி பிறக்கிறது என்று கேட்டுச் சேர்த்துக்கொள்கிறது. 1920 × 1080 அளவுத் திரையில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 50 அடி எடுத்துவைத்து, விநாடிக்கு 30 படம் காட்டினால், விநாடிக்கு 311 கோடி கேள்விகள். பல்லாயிரம் கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் கிராபிக்ஸ் அட்டை இல்லாமல் இது நடக்காது.

அடிகளைக் குறைக்கவும் வழி உண்டு. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஓரியன் லாலரும் ஜான் ஜெனெட்டியும் 2011-இல் வெளியிட்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. வானின் பெரும்பகுதி வெறுமைதான், ஒளித்திரைகள் மிக மெல்லியவை. எனவே ஒவ்வோர் இடத்திலிருந்தும் அடுத்த திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே ஒரு வரைபடத்தில் குறித்து வைக்கிறார்கள். அந்தத் தூரம் வரை கோடு ஒரே தாவலில் போய்விடலாம். அடுத்த தூண் எத்தனை அடியில் என்று தெரிந்தவர் இருட்டிலும் துணிந்து நடப்பதைப் போல.

ஒளித்திரையின் உருவத்துக்கு முழு முப்பரிமாணக் கணக்கு தேவையில்லை. சிக்குக் கோலத்தின் இழைபோல் நெளியும் ஒரு கோட்டைத் தரையில் வரைந்து, அதை அப்படியே மேலே தூக்கி நிறுத்தினால் போதும். சாம்பிராணிப் புகையைச் சுருள வைக்கும் காற்றோட்டக் கணக்கே அந்தக் கோட்டையும் சுருட்டிவிடும். மேலே தூக்கும் திசையைச் சொல்வது பூமியின் காந்தம். காந்த இரும்புத் தாது கிடக்கும் கஞ்சமலை சேலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் மேலும் கீழும் ஆடும்படி தொங்கவிட்ட காந்த ஊசி, சேலத்தில் ஏறத்தாழ கிடையாகவே நிற்கும். ஊசி முழுக்கக் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே, திருநெல்வேலிப் பக்கம் செல்வதே காரணம். அதே ஊசி, துருவத்தை ஒட்டிய அலாஸ்காவில் கிட்டத்தட்ட நேராகத் தரையைக் குத்தும். விண்வெளியிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் அந்தத் திசையைப் பற்றிக்கொண்டே இறங்குகின்றன. திரை செங்குத்தாகத் தொங்குவதற்குக் காரணம் புவியீர்ப்பு அல்ல, காந்தப்புலம்.

நிறத்தை உயரம் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 100 முதல் 150 கிலோமீட்டர் வரை ஆக்சிஜன் அணுவின் பச்சை, அலைநீளம் 557.7 நானோமீட்டர். 200 கிலோமீட்டருக்கு மேல் அதே அணுவின் சிவப்பு, 630 நானோமீட்டர். வேகமிக்க எலக்ட்ரான்கள் இன்னும் கீழே இறங்கும்போது விளிம்பில் நைட்ரஜனின் இளஞ்சிவப்பு.

பல அசைபடங்கள் தவறுவது நேரத்தில்தான். தூண்டப்பட்ட ஆக்சிஜன் அணு பச்சை ஒளியை உமிழச் சராசரியாக முக்கால் விநாடி எடுத்துக்கொள்கிறது. சிவப்பை உமிழவோ ஏறத்தாழ 110 விநாடி காத்திருக்கிறது. தாழ்ந்த உயரங்களில் காற்று அடர்த்தி என்பதால், காத்திருக்கும் அணு அதற்குள் பக்கத்து மூலக்கூறில் மோதி ஆற்றலை இழந்துவிடுகிறது. சிவப்பு உச்சியில் மட்டும் தெரிவது இதனால்தான். பச்சை துடிக்கும் வேகத்தில் சிவப்பும் துடித்தால் அது பொய்யான வானம். என் நிரலில் சிவப்புக்கு மட்டும் நினைவு வைத்தேன். ஒவ்வொரு படத்திலும் பழைய சிவப்பில் மிகச் சிறு பங்கைக் குறைத்துவிட்டு, புதியதைச் சேர்க்கிறேன். கீழே பச்சை துள்ள, மேலே சிவப்பு ஆறப்போட்ட கஞ்சியின் ஆவிபோல் மெதுவாகக் கலைவதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

நிரல் சரியா என்று சோதிக்க, 2024 மே 10 இரவை எடுத்துக்கொண்டேன். அன்றைய பெரும் சூரியப் புயலில், லடாக்கின் ஹான்லே வானிலும் செந்நிற ஒளி கேமராக்களில் பதிவானது. ஏன் சிவப்பு மட்டும்? என் கணினியில் ஒளித்திரையை ஹான்லேக்கு 1800 கிலோமீட்டர் வடக்கே நிறுத்தினேன். பூமியைத் தட்டையாக எழுதியிருந்தபோது பச்சையும் தெரிந்தது. பூமியை உருண்டையாக மாற்றினேன். 110 கிலோமீட்டர் உயரத்து ஒளி சுமார் 1200 கிலோமீட்டர் தொலைவு வரைதான் தெரியும். 400 கிலோமீட்டர் உயரத்து ஒளி 2200 கிலோமீட்டரைத் தாண்டியும் தெரியும். பச்சை அடிவானத்துக்குக் கீழே இறங்கி மறைந்தது. வடக்கே மங்கிய செம்மை மட்டும் நின்றது.

பிறகு கேமராவை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தேன். விண்மீன்கள் மட்டும் தெரிந்தன, எல்லாம் அதனதன் இடத்தில்.